எல்எம்ஜிக்கு ஓய்வு கொடுத்தாச்சா?
நம்பிக்கைகளும் உண்மைகளும்

ராசிபுரத்தில் ஒரு டீக்கடை. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் காலையில் அங்கே வந்து உட்காருவார். ஆள்சேர்ப்புக்காக ஓட்டம் பழகும் பையன்கள், ஓடி முடித்த கையோடு அவரிடம் வந்து பேச்சுக் கொடுப்பார்கள். அன்று ஒருவன் போனில் வீடியோ பார்த்துவிட்டுச் சொன்னான்: "எல்எம்ஜி எல்லாம் பழசுங்க ஐயா. அமெரிக்காவுல தூக்கிட்டு, வெயிட் கம்மியா ரைஃபிள் குடுத்துட்டாங்க. நம்ம ஆர்மிலயும் அதாங்க வரப்போகுது."

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். "துப்பாக்கி எத்தன கிலோன்னு சொல்ற, சரி. குண்டு எத்தன கிலோ?"

பையனிடம் பதில் இல்லை. அவன் சொன்னதில் பாதி உண்மை, பாதி கேள்விப்பட்டது. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: எல்எம்ஜி என்ற லைட் மெஷின் கன்னும் ஆட்டோமேட்டிக் ரைஃபிளும் ஒன்றுதான், பெயர்தான் வேறு.

உண்மை: விசையை அழுத்திப் பிடித்தால் இரண்டும் படபடவென்று சுடும். எவ்வளவு நேரம் சுடும் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. நிமிடத்துக்கு 600 குண்டு வேகத்தில் சுட்டால், 30 குண்டு பிடிக்கும் மேகசின் 3 விநாடியில் காலி. பெல்ட்டில் கோத்த குண்டுகள் 100, 150, 200 என்று ஓடும்.

அடுத்தது சூடு. பெல்ட் வகை எல்எம்ஜியில் குழல் காய்ந்துவிட்டால் கழற்றிவிட்டு மாற்றுக் குழலை மாட்டச் சில விநாடி போதும். ரைஃபிளில் களத்தில் நின்று அப்படிக் குழல் மாற்ற முடியாது. இன்னொன்றும் உண்டு. இத்தகைய எல்எம்ஜிகளில் சுடுவதை நிறுத்தினால், குண்டை அறைக்குள் தள்ளும் போல்ட் என்ற பாகம் பின்னாலேயே நிற்கும். குண்டு அறை காலியாகக் கிடந்து ஆறும். ரைஃபிளில் போல்ட் மூடியிருக்கும். அடுத்த குண்டு கொதிக்கும் அறைக்குள்ளேயே காத்திருக்கும். சூடு எல்லை மீறினால் விசையைத் தொடாமலே அது வெடிக்கலாம். ஆனால் மூடிய போல்ட்டுக்கு ஒரு லாபமும் உண்டு. விசையை இழுக்கும்போது உள்ளே கனமான பாகம் எதுவும் முன்னால் பாய்வதில்லை, அதனால் முதல் குண்டு குறி பிசகாது.

நம்பிக்கை 2: அமெரிக்கா எல்எம்ஜியைக் கைகழுவிவிட்டது.

உண்மை: மாற்றியது அமெரிக்காவின் மரைன் படை. அதன் காலாட்படைக் குழுக்களில் இருந்த எம்249 பெல்ட் துப்பாக்கி, காலியாகவே ஏழரை கிலோ; 200 குண்டுப் பெட்டியோடு 10 கிலோ. 2011 முதல் அந்த இடத்துக்கு எம்27 ரைஃபிள் வந்தது. ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனத்தின் 416 ரைஃபிளை அடியொற்றியது. காலியாக 4 கிலோவுக்குள் அடங்கும். 30 குண்டு மேகசின். மரைன்கள் சொன்ன காரணம்: தலைக்கு மேலே நூறு குண்டு பறப்பதைவிட, காதோரம் நாலு குண்டு போனால்தான் எதிரி குனிவான். சுடுபவனும் மற்றவர்களோடு சேர்ந்து ஓடலாம். கையில் இருப்பது ரைஃபிள் போலவே தெரிவதால் எதிரி அவனை மட்டும் பொறுக்கி எடுத்துக் குறிவைப்பது கடினம்.

ஆனால் அவர்கள் எம்249-ஐ மொத்தமாகத் தலைமுழுகிவிடவில்லை. கம்பெனி அளவில் எடுத்து வைத்துக்கொண்டார்கள், தேவைப்பட்டால் இறக்கலாம் என்று. அமெரிக்கத் தரைப்படையோ மரைன் வழிக்கே போகவில்லை. 2022 ஏப்ரலில் சிக் சாவர் நிறுவனத்தின் புது ஆயுதங்களைத் தேர்ந்தெடுத்தபோது, எம்249-க்குப் பதிலாக எடுத்ததும் ஒரு பெல்ட் துப்பாக்கிதான்.

நம்பிக்கை 3: இந்திய ராணுவமும் அதே பாதையில் போகிறது.

உண்மை: நேர் எதிர்ப்பாதையில் போகிறது. நம் காலாட்படை செக்‌ஷன் என்பது சுமார் 10 பேர். அதில் ஒரு எல்எம்ஜி. நெடுங்காலம் அந்த இடத்தில் இருந்தது பிரென் கன். செக் நாட்டு வடிவமைப்பு. பிர்னோ, என்ஃபீல்ட் என்ற இரண்டு ஊர்ப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். மேகசின் துப்பாக்கிக்கு மேல் நிற்கும், குழலைக் கழற்றி மாற்றலாம். 1962 சீனப் போரில் நம் வீரர்கள் கையில் இருந்தது இதுவே. பின்னால் 7.62 குண்டுக்கு மாற்றப்பட்டும் பல பத்தாண்டுகள் உழைத்தது.

1990களில் இன்சாஸ் என்ற உள்நாட்டுத் துப்பாக்கிக் குடும்பம் வந்தது. அதில் எல்எம்ஜி என்று பெயர் பெற்றது, இன்சாஸ் ரைஃபிளையே நீளமான, கனமான குழலோடும் இருகால் தாங்கியோடும் செய்த துப்பாக்கி. 5.56 குண்டு, 30 குண்டு மேகசின், எடை ஆறு கிலோ சொச்சம். அதாவது மரைன்கள் 2011-இல் போய்ச் சேர்ந்த இடத்துக்கு நாம் முன்னாலேயே போய்விட்டோம். அங்கிருந்து திரும்பியும் வந்தோம். 2020 மார்ச்சில் இஸ்ரேலின் ஐடபிள்யூஐ நிறுவனத்திடம் 16,479 நெகேவ் என்ஜி-7 துப்பாக்கிகளை சுமார் 880 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் ஆனது. 7.62 குண்டு, பெல்ட், மாற்றுக் குழல் என்று அசல் மெஷின் கன்.

நம்பிக்கை 4: எடை குறைந்த துப்பாக்கிதான் நல்ல துப்பாக்கி.

உண்மை: பெரியவர் கேட்ட கேள்விக்கு இங்கேதான் கணக்கு. 5.56 குண்டு ஒன்று சுமார் 12 கிராம். நெகேவ் சுடும் 7.62 குண்டு அதைப்போல இரு மடங்கு, சுமார் 24 கிராம். 500 குண்டு என்றால் முன்னது 6 கிலோ, பின்னது 12 கிலோ. பெல்ட்டைக் கோக்கும் இணைப்புகள் தனி. துப்பாக்கியையும் சேர்த்தால் 20 கிலோவைத் தாண்டும். கடையில் விற்கும் அரிசிச் சிப்பம் 25 கிலோ. அதற்குக் கொஞ்சம்தான் குறைவு, அதுவும் மலையேற்றத்தில்.

பிறகு ஏன் அதையே வாங்கினார்கள்? பெரிய குண்டின் ஆற்றலும் ஏறக்குறைய இரு மடங்கு. ஒரு மலைச்சரிவிலிருந்து எதிர்ச்சரிவைச் சுடும்போது 5.56 குண்டு தளர்ந்துபோகும் தூரத்தில் இது இன்னும் வலுவோடு போகும். கட்டடத்துக்குக் கட்டடம் ஓடுகிறவனுக்கு எடை முக்கியம். காஷ்மீரிலும் லடாக்கிலும் முகட்டில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைக் காக்கிறவனுக்குத் தூரம் முக்கியம்.

நம்பிக்கை 5: எல்லாம் 7.62 தானே, எந்தத் துப்பாக்கிக் குண்டையும் எதிலும் போடலாம்.

உண்மை: போட முடியாது. 7.62 என்பது குண்டின் பருமனைக் குறிக்கும் மில்லிமீட்டர் அளவு. உறையின் நீளம் வேறு. நெகேவுக்கும் 2019-இல் ஆர்டர் போட்ட அமெரிக்க சிக் 716 ரைஃபிளுக்கும் 51 மி.மீ. உறை. உத்தரப் பிரதேசத்தின் கோர்வாவில் தயாராகும் ஏகே-203க்கு 39 மி.மீ. உறை. ஏகே-203 வைத்திருக்கும் செக்‌ஷனில் எல்எம்ஜிக்குக் குண்டு தீர்ந்தால் பக்கத்து வீரனிடம் கைநீட்ட முடியாது. இன்சாஸ் காலத்தில் ரைஃபிளும் எல்எம்ஜியும் ஒரே குண்டைச் சுட்டன. பெல்ட் துப்பாக்கிக்காக விட்டுக்கொடுத்த வசதிகளில் இதுவும் ஒன்று.

நம்பிக்கை 6: டிஃபென்ஸ் காரிடாரில் சேலம் இருக்கிறது, அதனால் இங்கே துப்பாக்கி தயாராகிறது.

உண்மை: 2018 மத்திய பட்ஜெட்டில் அறிவித்து 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைத்த தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சி என்று ஐந்து மையங்கள் உண்டு. ஆனால் மையம் என்பது தொழிலை ஈர்க்கும் இடம். ஆயுத ஃபேக்டரி என்று பொருளில்லை. நமக்குப் பக்கத்தில் ரைஃபிள் செய்வது திருச்சி படைக்கலத் தொழிற்சாலை. இன்சாஸ் எல்எம்ஜி கான்பூரில் செய்யப்பட்டது. சேலம் உருக்காலை பேர்போனது துருப்பிடிக்காத எஃகுத் தகட்டுக்கு. துப்பாக்கிக் குழலோ உருண்ட கம்பியை நீளவாட்டில் துளைத்துச் செய்வது. இரண்டும் இரண்டு வேலை.

அடுத்த நாளும் அந்தப் பையன் வந்தான். கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். "பன்னெண்டு கிலோங்க ஐயா. துப்பாக்கியத் தூக்கறவனே குண்டையும் தூக்குனா எப்பிடிங்க ஓடுவான்?"

பெரியவர் சிரித்தார். "அவன் எங்க தம்பி அத்தனையும் தூக்கறான்? நம்பர் ஒன் சுடுவான். நம்பர் டூ ஸ்பேர் பேரலோட பக்கத்துலயே படுத்திருப்பான். மிச்சப் பேரு ஆளுக்குக் கொஞ்சம் குண்டு சுமப்பாங்க. நீ போய்ச் சேர்ந்தா மொதல்ல சுமக்கறதும் அதாத்தான் இருக்கும். நாளைக்கு ஓடறப்ப முதுகுல ஒரு பை மண்ணு கட்டிட்டு ஓடு."