நூல் தெரிய வேண்டும்: மென்னிறகு ஈ கட்ட எந்தக் கருவி, எந்த முறை?

டப்பிங் என்றால் நமக்கு வடபழனியும் ஹெட்போன் மாட்டிய குரல் கலைஞர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். தூண்டில்காரர்களின் டப்பிங் வேறு. முள்ளின் மேல் சுற்றப்போகிற நூலில் விலங்கு ரோமத்தைத் திரித்து ஏற்றுகிற வேலைக்குத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். ட்ரவுட் மீனை ஏமாற்றக் கட்டும் பொய் ஈக்களில் பலவற்றுக்கு உடம்பு இப்படித்தான் வருகிறது.

அந்த ஈக்களில் ஒரு சின்னக் குடும்பத்தைப் பற்றி மட்டும் இங்கே பேசுகிறேன். மென்னிறகு ஈக்கள். இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயர் பள்ளத்தாக்குகளில் ஓடும் வார்ஃப், நிட், யூர் ஆறுகளில் வளர்ந்த மரபு இது. அங்கே இவற்றை ஸ்பைடர் என்பார்கள். சிலந்திக்கும் இவற்றுக்கும் உறவு பெயரோடு சரி. ஒரு முள், கொஞ்சம் பட்டுநூல், ஒரு சிட்டிகை ரோமம், கழுத்தில் பறவை இறகு இரண்டு சுற்று. அவ்வளவுதான் சாமான். சேவல் இறகு போல விறைத்து நிற்காமல், தண்ணீர் இழுத்த பக்கமெல்லாம் வளைந்துகொடுக்கிற இறகு. ஆற்றடியிலிருந்து மேலேறி வருகிற பூச்சி என்று மீன் நம்புவது அந்த அசைவைப் பார்த்துத்தான்.

லீட்ஸில் வேலை பார்த்த காலத்தில் எனக்கு இந்தப் பித்து பிடித்தது. ஆர்வக்கோளாறில் முதல் வேலையாகப் பதினான்கு கருவிகள் அடங்கிய ஒரு பெட்டியை வாங்கினேன். அதில் இன்றும் கையில் எடுப்பவை நான்கு. மற்றவை மேசை டிராயரில் தூங்குகின்றன. அதனால் என்ன வாங்கலாம் என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஈயின் உடம்பு நனைந்த பிறகு எது தெரிய வேண்டும், நூலா, ரோமமா? அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் கருவி தானாக முடிவாகிவிடும்.

நூலிலிருந்தே தொடங்குகிறேன். இந்த மரபின் மிகப் பிரபலமான ஈ ‘பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச்’. அதில் ரோமமே கிடையாது. ஆரஞ்சுப் பட்டு, பழுப்புக் கவுதாரி இறகு, முடிந்தது. பியர்ஸால்ஸ் கோஸமர் என்ற மெல்லிய பட்டில் 6ஏ எண் நிறம்தான் இதற்கு வழக்கம். காய்ந்திருக்கும்போது கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு. ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். ஊறவைத்த புளியின் செம்பழுப்புக்கு இறங்கிவிடும். அதே நிறத்தில் ஒரு பாலியஸ்டர் நூலைச் சுற்றிப் போட்டால் நனைந்தும் அதே ஆரஞ்சாக நிற்கும். பட்டா, செயற்கை நூலா என்ற கேள்விக்கு இந்த டம்ளர்தான் பதில். செயற்கை நூல் உறுதியானது, மலிவு, மெலிசு. ஆனால் நூலின் நிறமே உடம்பாகிற ஈக்களில் அது சரிப்படாது; ரோமம் அடர்ந்து நூலை மூடிவிடுகிற ஈக்களில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கோஸமர் உற்பத்தி நின்றுவிட்டது. பழைய உருளைகளை யானை விலைக்கு விற்கிறார்கள்; அதன் பின்னால் ஓட வேண்டாம். வேறெந்த மெல்லிய பட்டும் போதும். ஒரு எச்சரிக்கை மட்டும்: நம் ஊர்க் கடைகளில் வளையல், ஜிமிக்கி செய்ய ‘பட்டுநூல்’ என்று விற்பது பெரும்பாலும் ரேயான். ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. காகிதம் எரிகிற வாசனை வந்தால் ஜிமிக்கிக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மெழுகு. எல்லா முறைக்கும் உயிர்நாடி இதுதான், பலரும் அலட்சியம் செய்வதும் இதைத்தான். தேன்மெழுகு சுத்தமானது, நூலின் நிறத்தை அதிகம் மாற்றாது, ஆனால் பிடிப்பு குறைவு. செருப்புத் தைப்பவர்களின் கறுப்பு மெழுகு தாரும் பிசினும் கலந்தது. ஒட்டினால் விடாது, நூலைக் கறுக்கவும் வைக்கும். அந்தக் கறுப்பே சில ஈக்களுக்கு வரம். 1854-இல் ஸ்காட்லாந்து எல்லைப் பகுதியில் ஜேம்ஸ் ரைட் கட்டிக்கொடுத்த ‘கிரீன்வெல்ஸ் குளோரி’யில் மஞ்சள் பட்டை இந்த மெழுகில் இழுத்தால்தான் அந்த ஆலிவ் நிறம் வரும். யார்க்‌ஷயர் குளிரில் இந்த மெழுகு கல்லாகிவிடும், உள்ளங்கையில் வைத்துச் சூடேற்ற வேண்டும். சென்னையில் மே மாதம் எடுத்தால் நூலோடு விரலும் சேர்ந்து ஒட்டும். இங்கே கட்டுகிறவர்கள் அதை ஃப்ரிட்ஜில் வைத்து வெட்டியெடுத்துப் பயன்படுத்துவது உத்தமம்.

முள்ளைப் பிடிப்பதற்கு வைஸ் என்ற கவ்வி வேண்டுமா, கையே போதுமா? பூக்கட்டும் அக்கா வைஸ் கேட்பதில்லை. 1857-இல் ‘த பிராக்டிகல் ஆங்லர்’ எழுதிய டபிள்யூ. சி. ஸ்டீவார்ட் காலத்தில் ஈ கட்டுவது விரல்களின் வேலை. அவருடைய கறுப்பு ஸ்பைடர் வெறும் பழுப்புப் பட்டும் ஸ்டார்லிங் குருவியின் சிறு இறகும்தான். இடது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே முள்ளின் வளைவைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சுற்றுவார்கள். 12-ஆம் எண் முள்ளில் நானும் இப்படிக் கட்டியிருக்கிறேன். சுகமான வேலை. அதைவிடச் சிறிய 16-இல் முயன்றபோது முள் விரலுக்குள் போய்விட்டது. என் கட்சி: வைஸ் வாங்குங்கள், ஆனால் இருப்பதிலேயே எளிமையானதை. முள்ளை வழுக்காமல் கவ்வினால் போதும். சுழலும் வைஸுக்குக் கொடுக்கிற கூடுதல் பணம் இந்த ஈக்களுக்கு வீண்.

பாபின் ஹோல்டர் விஷயத்தில்தான் எனக்கும் புதிய தலைமுறைக்கும் ஒத்துவராது. நூல் உருளையைக் கவ்வி, ஒரு மெல்லிய குழாய் வழியாக நூலை விடுகிற கருவி அது. எடை தொங்குவதால் நூல் தளராது. கையை எடுத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஆனால் கறுப்பு மெழுகு பூசிய பட்டு அந்தக் குழாயை அடைத்துவிடும். பழைய வழி, ஒன்றரை அடி பட்டை வெட்டி, மெழுகில் இழுத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் ஒரு அரை முடிச்சுப் போடுவது. ஒரு ஈக்கு அந்த நீளம் தாராளம். தேன்மெழுகோ செயற்கை நூலோ என்றால் பாபின். கறுப்பு மெழுகும் பட்டும் என்றால் வெட்டிய நூல். இறகின் நுனியைப் பிடித்துச் சுற்றும் இறகுக் கிடுக்கி, ஸ்டார்லிங், ஸ்னைப் போன்ற பறவைகளின் குட்டி இறகுகளுக்கு மட்டும் தேவை. கத்தரி சின்னதாக, நுனி கூர்மையாக ஒன்று. கார்க்கில் குத்திய தையல் ஊசி ஒன்று. முடிச்சுக் கருவி வேண்டாம், விரலால் போடப் பழகுங்கள்.

இனி டப்பிங். நாலு வழி இருக்கிறது.

எல்லோரும் முதலில் கற்பது நேரடித் திரிப்பு. மெழுகிட்ட நூலில் ரோமத்தை வைத்து, இரண்டு விரலால் ஒரே திசையில் உருட்டுவது. முன்னும் பின்னும் உருட்டினால் திரித்தது பிரிந்துவிடும். பத்தில் ஒன்பது பேர் செய்கிற தப்பு அதுதான். பத்தாவது ஆள் ரோமத்தை அள்ளி வைத்திருப்பார். முடிவில் கிடைப்பது இறுக்கமான, உழைக்கிற உடம்பு. முயல் முகத்து முரட்டு ரோமத்துக்கு இது பரவாயில்லை. ஆனால் நூல் உள்ளே புதைந்துபோகும்.

நூல் தெரிய வேண்டுமானால் தொட்டு ஒட்டும் முறை. என் ஓட்டு இதற்குத்தான். ‘வாட்டர்ஹென் ப்ளோவா’ என்றொரு ஈ. டி. ஈ. பிரிட் 1885-இல் வெளியிட்ட ‘யார்க்‌ஷயர் ட்ரவுட் ஃப்ளைஸ்’ காலத்திலிருந்து இதற்கு நல்ல பெயர். மஞ்சள் பட்டு, அதன் மேல் சாம்பல் ரோமம் ஒரு பனிமூட்டம் போல, கழுத்தில் நீர்க்கோழிச் சிறகின் உட்புற இறகு. அதில் அந்த ‘போல’தான் வித்தை. மண்ணுக்கடியில் வாழும் மோல் என்ற சிறு பிராணியின் ரோமத்தை இன்று பயன்படுத்துகிறார்கள்; வெல்வெட் மாதிரி குட்டையானது. கத்தரியால் அதைப் பொடியாக நறுக்கி, விரல் நுனியில் ஒரு பஞ்சு உருண்டை போல எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு மெழுகை நன்றாகப் பூசிய நூலை இழுத்துப் பிடித்து, அந்த உருண்டையால் தொட்டுத் தொட்டு எடுங்கள். திரிக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது. நெற்றியில் விபூதி தீற்றுகிற அழுத்தம்கூட அதிகம். ரோமம் போதாது என்று தோன்றுகிற இடத்தில் நிறுத்த வேண்டும். சுற்றி முடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மஞ்சள் தெரியும், சாம்பல் ஓரத்தில் மினுங்கும். இந்த முறையின் குறை, நாலைந்து மீன் கடித்தால் ரோமம் உதிர்ந்துவிடும். உதிரட்டும், மறுபடி கட்ட மூன்று நிமிஷம்.

மூன்றாவது, கண்ணி முறை. முள்ளிலேயே நூலை இரட்டையாக்கிக் கண்ணி போட்டு, நடுவே ரோமத்தை வைத்து, கீழே ஒரு எடையைத் தொங்கவிட்டுச் சுழற்றுவது. அதற்கென்று கருவி விற்கிறார்கள். இறகுக் கிடுக்கியே அந்த வேலையைச் செய்யும். நூலில் ஒட்டாத முரட்டு ரோமத்தைக் கட்டுப்படுத்த இதற்கு இணையில்லை. ஆனால் இரண்டு நூல் சேர்வதால் சின்ன முள்ளில் உடம்பு தொந்தி போட்டுவிடும். 12, 14 வரைக்கும் சரி.

நாலாவது கதை கொஞ்சம் நீளம், எனக்குப் பிடித்ததும்கூட. அட்லாண்டிக்கின் மறுகரையில், பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில் ஜேம்ஸ் லைசன்ரிங் என்பவர் இந்த ஈக்களைத் தன் வழியில் வளர்த்தார். இங்கிலாந்தின் தூண்டில் எழுத்தாளர் ஜி. ஈ. எம். ஸ்கூஸோடு அவருக்குக் கடிதத் தொடர்பும் இருந்தது. 1941-இல் வெர்னன் ஹைடியோடு சேர்ந்து ‘த ஆர்ட் ஆஃப் டையிங் த வெட் ஃப்ளை’ என்ற சிறு புத்தகத்தைக் கொண்டுவந்தார். மெழுகிட்ட பட்டைத் தன் கால்சட்டைத் தொடையில் நீட்டி, ரோமம் பரப்பி, பட்டின் மறுபாதியை அதன் மேல் மடித்து, உள்ளங்கையால் உருட்டுவார். தொடையில் கயிறு திரிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. அவர் வட்டத்தைச் சேர்ந்த டிக் கிளார்க் அந்தத் தொடைக்குப் பதிலாக ஒரு மரக்கட்டையைச் செய்தார். நூலைக் கவ்வ முனையில் ஒரு பிளவு, மடித்துத் திருப்ப ஒரு ஊசி, அவ்வளவே. இரண்டு கையும் ஓய்வாக இருப்பதால் வால் பக்கம் மெலிசாகவும் மார்புப் பக்கம் தடிப்பாகவும் ரோமத்தை நிதானமாகப் பரப்பலாம். திரித்த உடம்புகளைப் பல் வெட்டிய அட்டையில் மாட்டி வைத்தால் மெழுகு இறுகி, பிரியாது. பட்டின் நிறம் ரோமத்தினூடே உள்ளிருந்து ஒளிர்வதுதான் லைசன்ரிங்கின் நோக்கம். கண்ணி முறையில் அவசரமாகத் திரித்தால் அது வராது. பனிக்காலம் முழுக்க இருபது முப்பது உடம்பு திரித்து வைக்கிற பொறுமை இருந்தால் இந்தக் கட்டையை வாங்குங்கள், அல்லது தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். ஆற்றங்கரையில் உட்கார்ந்து கட்டுகிறவருக்கு இது சுமை.

ரோமத்தைக் கலப்பதற்கு மேல்நாட்டில் காபி அரைக்கும் இயந்திரத்தைப் பயன்படுத்துவார்கள். அதைப் படித்துவிட்டு நம் வீட்டு மிக்ஸியில் கைவைத்தால் அன்றைக்குச் சாப்பாடு வெளியில்தான். ஒரு பாட்டிலில் தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, ரோமம். குலுக்கி, வடிகட்டி, உலர்த்தினால் அதைவிட நன்றாகவே கலந்திருக்கும்.

கழுத்திறகைப் பற்றி இரண்டே விஷயம். இரண்டு சுற்றுக்கு மேல் போகாதீர்கள். இறகுக்குப் பின்னால் ஒரு சுற்று முயல் ரோமம் வைத்தால் இறகு உடம்போடு ஒட்டிப் படியாமல் விரிந்து நிற்கும். 1975-இல் ‘த சாஃப்ட்-ஹேக்கில்ட் ஃப்ளை’ எழுதி அமெரிக்காவில் இந்த ஈக்களுக்கு மறுவாழ்வு கொடுத்த சில்வெஸ்டர் நீம்ஸின் ஈக்களில் இதைப் பார்க்கலாம். வேகமான தண்ணீருக்கு அவசியம். மற்றபடி, இங்கிலாந்துக் கவுதாரியும் நம் காட்டோரக் கவுதாரியும் ஒன்றல்ல. நம்முடையதைப் பிடிப்பது 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. பண்ணைக் காடையின் இறகும், கறிக்கடையில் வீணாகிற பெட்டைக்கோழியின் கழுத்திறகும் பழகுவதற்குப் போதும். நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன ட்ரவுட்டை நினைத்துக் கட்டுகிறவர்கள், தூண்டிலை எடுக்கும் முன் உரிய அனுமதியை விசாரித்துக்கொள்ளுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர் வாங்க வேண்டியது ஒரு எளிய வைஸ், ஆரஞ்சும் மஞ்சளுமாக இரண்டு பட்டு, கறுப்பு மெழுகு ஒரு துண்டு, கத்தரி, ஊசி. முதல் மாதம் ரோமமே இல்லாத பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச், அடுத்த மாதம் தொட்டு ஒட்டும் முறையில் வாட்டர்ஹென் ப்ளோவா. கண்ணியும் கட்டையும் அதற்குப் பிறகு. யார்க்‌ஷயரில் ட்ரவுட் பருவம் மார்ச் 25-இல் தொடங்குகிறது. தைப் பொங்கலுக்கு உட்கார்ந்தால்கூட நேரம் இருக்கிறது.