கை எப்போது நடுங்குகிறது? மூளையின் இயக்க மண்டலம்: முக்கியக் குறிப்புகள்

'எந்தப் பகுதி பழுதானால் எந்த அறிகுறி' என்று பொருத்தச் சொல்வதற்கு ஏற்ற பாடம் இது. வாலாஜாபாத் பக்கத்துப் பட்டுத்தறி ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

• நெசவாளியின் கை மடியில் சும்மா கிடக்கும்போது நடுங்கி, நாடாவை எடுத்ததும் நடுக்கம் குறைகிறதா? பழுது பெருமூளையின் அடித்தள நரம்பு முடிச்சுகளில், நடுக்குவாதம். அறுந்த பாவு இழையை முடியக் கை நீளும்போது, இழையை நெருங்க நெருங்க நடுக்கம் கூடுகிறதா? சிறுமூளை. 'நடுக்கம்' என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

• நடுக்குவாதத்தை விவரித்தவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், 1817. நடுமூளையின் சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் டோபமைன் தரும் செல்கள் அழிவதே காரணம். நடுக்கம் நொடிக்கு 4 முதல் 6 முறை. கூடவே விறைப்பு, அசைவில் மந்தம். டோபமைனையே மருந்தாகக் கொடுத்தால் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது, லெவோடோபா நுழையும்.

• அந்த லெவோடோபாவைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்தவர்கள் தாமோதரன், ராமசாமி. சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகம், 1937. நம் ஊர் வேலியில் படரும் கொடி. இந்நோய்க்கு லெவோடோபா மருந்தானது 1960களில்தான்.

• முகுளத்தில் இயக்க நரம்பிழைகளில் பெரும்பாலானவை பக்கம் மாறுகின்றன. இடப் பெருமூளையில் பக்கவாதம் என்றால் வலக் கை கால் விழும். சிறுமூளைப் பழுது அதே பக்கத்தில் தெரியும்.

• மேல் இயக்க நரம்பணு பழுதானால் தசை இறுகும், அனிச்சைச் செயல் மிகும், உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேலே நிமிரும். இது பாபின்ஸ்கி குறி, 1896, கைக்குழந்தையிடம் இயல்பே. கீழ் நரம்பணு பழுதானால் தசை தளர்ந்து மெலியும், அனிச்சை குறையும். உதாரணம் இளம்பிள்ளை வாதம். ஒரு பொறி: பக்கவாதம் வந்த முதல் நாட்களில் மேல் நரம்பணுப் பழுதிலும் தசை தளர்ந்தே இருக்கலாம்.

• துணைத் தலாமஸ் உட்கரு: எதிர்ப்பக்கக் கை கால் வீசியடிக்கும். காடேட் உட்கரு: ஹண்டிங்டன் நோய், 4ஆம் குரோமோசோம்.

• சென்னை இயக்க நரம்பணு நோய்: மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், பி. ராமமூர்த்தி, 1970. பெரும்பாலும் இளவயதில் தொடங்கி மெல்ல முற்றும். கை கால் மெலிவோடு முகத்தசையும் தளரும். மேல், கீழ் நரம்பணு அறிகுறிகள் இரண்டும் கலந்திருக்கும். வழக்கமான இயக்க நரம்பணு நோயில் செவி கெடுவதில்லை. ஆகவே வினாவில் இவற்றோடு காது கேளாமையும் சேர்ந்து வந்தால், விடை சென்னை வகை.