அரை டம்ளரில் சிவக்கும் முகம்

லிங்கராஜபுரம்,
பெங்களூரு.

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை கொடுத்தனுப்பிய ஊறுகாய் தீர்வதற்குள் உன் செமஸ்டர் முடிந்துவிடும் என்று நம்புகிறேன்.

லீவில் வந்திருந்தபோது மொட்டைமாடியில் பார்த்ததை ஊருக்குப் போன பிறகு போனில் கேட்டாய். மேல்போர்ஷன் பையன்கள் பிறந்தநாள் கொண்டாடினார்கள். வடகிழக்கே ஐஸாலிலிருந்து வந்து படிக்கிற பையன் அரை டம்ளர் பீர்தான் குடித்தான். கேக் வெட்டுவதற்குள் காதுமடல், கழுத்து, கண் எல்லாம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டன. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவன் “பழகினா சரியாயிடும் மச்சி” என்றான். இன்னொருவன் அசிடிட்டி மாத்திரை ஒன்றை எடுத்து நீட்டினான். “அது அலர்ஜியா மாமா, இல்லை அவனுக்குச் சீக்கிரம் போதை ஏறிவிடுமா?” என்பது உன் கேள்வி. ஆஸ்பத்திரி லேபில் உட்கார்ந்தே தலை நரைத்தவனிடம் கேட்டுவிட்டாய். பதில் நீளமாகத்தான் வரும்.

அலர்ஜியும் இல்லை, போதையும் இல்லை. குடித்த சாராயத்தை உடம்பு கரைத்து வெளியேற்றும் வழியில் ஒரு இடத்தில் அடைப்பு. வயிற்றிலிருந்து ரத்தத்தில் கலந்த ஆல்கஹால் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ஒரு நொதி அதை அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றுகிறது. இந்த அசிட்டால்டிஹைடு ஆல்கஹாலைவிடக் கொடியது. செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வையே சேதப்படுத்தக்கூடியது. அதனால் அது நெடுநேரம் தங்கக் கூடாது. இரண்டாவது நொதி ஒன்று உடனே அதைப் பிடித்து அசிட்டேட்டாக மாற்றிவிடும். அசிட்டேட் தொந்தரவில்லாத சரக்கு, வினிகரில் இருக்கும் அமிலத்தின் உறவு. இந்த இரண்டாவது நொதிக்கு ஏ.எல்.டி.ஹெச்.2 என்று பெயர். அது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வேலை பார்க்கிறது.

சிலருக்குப் பிறவியிலேயே இந்த நொதி சரியாக வேலை செய்வதில்லை. அசிட்டால்டிஹைடு உருவாகிறது, ஆனால் சீக்கிரம் கழிவதில்லை. ரத்தத்தில் அது ஏறியதும் ஹிஸ்டமின் சுரக்கிறது, தோலுக்கடியில் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, முகம் சிவக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, தலை வலிக்கிறது, குமட்டுகிறது. மாடியில் நீ பார்த்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். ‘பெரும்பாலும்’ என்று சொல்லக் காரணம் உண்டு. சிவப்பு ஒயினில் இருக்கும் ஹிஸ்டமினாலும் சிலருக்கு முகம் சிவக்கும். ரோசேஷியா என்ற தோல் கோளாறு உள்ளவர்களுக்கும் சிவக்கும். முகச்சாயலைப் பார்த்து மரபணுவைப் படித்துவிட முடியாது. ஹென்னூர் ரோட்டிலும் கம்மனஹள்ளியிலும் வடகிழக்குப் பிள்ளைகளைப் பார்த்து “சைனாவா?” என்று கேட்கிற ஆட்களுக்கு அறிவியல் துணை நிற்காது.

கோளாறு எவ்வளவு சிறியது என்று பார். 12ஆவது குரோமோசோமில் இருக்கிறது இந்த மரபணு. அதில் ஒரே ஒரு எழுத்து, ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. அதனால் புரதத்தின் 504ஆவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் லைசின் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அவ்வளவுதான்.

இங்கே உன் பாடப்புத்தகம் சொல்லாத ஒரு நுட்பம் இருக்கிறது. அப்பாவிடமிருந்து நல்ல பிரதி, அம்மாவிடமிருந்து பழுதான பிரதி வந்தால் நொதியின் வேலை பாதியாகத்தானே குறைய வேண்டும்? அப்படி நடப்பதில்லை, அதைவிட வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஏனென்றால் இந்த நொதி தனி ஆளாக வேலை செய்வதில்லை. நான்கு துண்டுகள் சேர்ந்தால்தான் ஒரு நொதி. சப்பரம் தூக்கும் நால்வரில் ஒருவன் தோள் கொடுக்காவிட்டால் மற்ற மூவரும் தடுமாறுவார்கள் இல்லையா, அந்தக் கதைதான். துண்டுகளில் பாதி நல்லது, பாதி பழுது என்றால், நான்குமே நல்லதாக அமைய என்ன வாய்ப்பு என்று தாளில் போட்டுப் பார். நான்கு பாதிகளை ஒன்றோடொன்று பெருக்கினால் பதினாறில் ஒன்று. மற்ற பதினைந்திலும் ஒரு பழுதாவது இருக்கும். அதனால்தான் ஒரே ஒரு பழுதான பிரதி வைத்திருப்பவனுக்கும் முகம் சிவக்கிறது. இரண்டுமே பழுதானவர்களுக்கு நொதி கிட்டத்தட்ட வேலையே செய்யாது. அவர்கள் ஒரு மடக்குக்கு மேல் குடிக்கவே மாட்டார்கள், குடிக்க முடியாது.

இது தெரிய நாளாயிற்று. 1972இல் பீட்டர் வுல்ஃப் என்பவர் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். ஜப்பான், கொரியா, தைவான் மக்களுக்கு முகம் சிவக்கும் அளவு மது, வெள்ளைக்காரர்களிடம் ஒரு மாற்றமும் செய்யவில்லை. பச்சிளங்குழந்தைகளிடமும் இதே வித்தியாசம் தெரிந்ததால், இது பழக்கத்தால் வந்ததல்ல என்று புரிந்தது. பிறகு ஜெர்மனியில் கோடே, ஹராடா, அகர்வால் மூவரும் 1979இல் நொதிக் குறைபாட்டைச் சுட்டிக்காட்டினார்கள். 1984இல் அகிரா யோஷிதாவின் குழு அந்த ஒற்றை அமினோ அமில மாற்றத்தைக் கண்டுபிடித்தது.

உலகத்தில் 54 கோடிப் பேருக்கு, அதாவது சுமார் 8 சதவீதம் பேருக்கு, இந்தப் பழுது இருப்பதாக 2009இல் ஒரு கட்டுரை கணக்குச் சொன்னது. ஜப்பானியர், சீனர், கொரியரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். தைவானில் ஏறக்குறையப் பாதி. சீனத்தின் தென்கிழக்குக் கடற்கரையில் அடர்த்தியாக இருக்கும் இந்தப் பழுது, மேற்கே வர வர நீர்த்துப்போய், நம் தமிழர்களிடம் அரிதாகிவிடுகிறது. அரிது என்றால் இல்லவே இல்லை என்று ஆகாது. மனிதர்கள் நடந்தால் மரபணுவும் நடக்கும். 19ஆம் நூற்றாண்டில் மலாய்ப் பக்கத்திலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளில் சிலர், விடுதலையான பின் நீலகிரியில் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே குடியேறினார்கள். தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு காய்கறி, காப்பி பயிரிட்டு, மாடு வைத்துப் பிழைத்தார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலில் அந்தக் குடும்பங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்களோடு அந்த ஒற்றை எழுத்தும் மலையேறி வந்திருக்கலாம். ஊட்டிப் பக்கம் யாருக்காவது அரை டம்ளரில் முகம் சிவந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன். இது என் ஊகம், அவ்வளவே.

இனி அந்தப் “பழகினா சரியாயிடும்” விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

பழகும். அதுதான் ஆபத்து. ஆபீஸ் முடிந்ததும் மேலதிகாரியோடு உட்கார்ந்து குடித்தாக வேண்டும் என்பது ஜப்பானில் எழுதாத விதியாக இருந்தது. அங்கே ஹிகுச்சி என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும், குடிநோயாளிகளில் எத்தனை பேருக்கு ஒரு பழுதான பிரதி இருக்கிறது என்று பார்த்தார்கள். 1979இல் 2.5 சதவீதம். 1986இல் 8 சதவீதம். 1992இல் 13 சதவீதம். பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்களின் மரபணு மாறிவிடாது. மாறியது, குடிக்கச் சொல்லி ஏற்படும் நெருக்கடி. உடம்பு ‘வேண்டாம்’ என்று சொன்னதைக் கேட்க விடாமல் கூட்டம் செய்துவிட்டது. மாடியில் சிரித்த பையன்கள் கெட்டவர்கள் இல்லை, ஆனால் அவர்கள் செய்ததும் இதே வேலைதான்.

தொடர்ந்து குடிக்கும்போது சிவப்பு குறைகிறது. பழுதான நொதி மட்டும் அப்படியே இருக்கிறது. அசிட்டால்டிஹைடு எச்சிலிலும் தொண்டையிலும் தேங்குகிறது. ஒரு பிரதி பழுதாக இருந்தும் குடித்துக்கொண்டே இருப்பவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, அதே அளவு குடிக்கும் மற்றவர்களைவிடப் பல மடங்கு. மதுவோடு சேர்ந்து உடம்பில் உருவாகும் அசிட்டால்டிஹைடை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் 2009இல் சேர்த்தது உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. சுவாரஸ்யம் என்னவென்றால், இரண்டு பிரதியும் பழுதானவர்கள் குடிக்கவே முடியாததால் தப்பித்துவிடுகிறார்கள். சிக்குவது நடுவில் இருப்பவர்கள்தான்.

அந்த அசிடிட்டி மாத்திரை இன்னும் மோசம். ஃபாமோடிடின் போன்ற மாத்திரைகள் ஹிஸ்டமினின் வேலையைத் தடுப்பதால் முகச்சிவப்பு குறையும். அசிட்டால்டிஹைடு குறையாது. முகம் சாதாரணமாகத் தெரிவதால் இன்னும் இரண்டு டம்ளர் உள்ளே போகும். மேல்போர்ஷன் பையன்களிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். காதில் வாங்கிக்கொண்டதாகத்தான் தெரிந்தது.

மரபணுப் பரிசோதனைக்குக் காசு செலவழிக்காமலே இதைக் கணிக்க ஜப்பானில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டே கேள்வி. இப்போது ஒரு சின்ன கிளாஸ் பீர் குடித்தால் முகம் சிவக்கிறதா? குடிக்க ஆரம்பித்த முதல் ஓரிரு வருஷத்தில் சிவந்ததா? இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி. பழகிப்போய்ச் சிவப்பு மறைந்தவர்களையும் அது பிடித்துவிடும். குடிக்காதவர்களுக்கும் ஒரு சோதனை உண்டு. 70 சதவீத எத்தனாலை ஒரு சின்னப் பஞ்சில் நனைத்து, மேற்கையின் உட்புறத்தில் ஏழு நிமிஷம் ஒட்டிவைக்க வேண்டும். எடுத்துப் பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால், நொதி பழுதானவர்களுக்கு அந்த இடம் சிவந்திருக்கும். நம்முடையது போன்ற கறுத்த தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அப்போது, குடித்ததும் காது சூடாவதும் நெஞ்சு அடித்துக்கொள்வதும்தான் அடையாளம். இந்தப் பழுது உள்ளவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லி வைப்பது நல்லது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் வேலை செய்வதற்கும் இதே நொதி வேண்டும்.

இன்னொன்று சொல்லாமல் முடித்தால் பாதிக் கடிதம்தான். நல்ல நொதியோடு பிறந்தவனையும் ஒரு மாத்திரை இப்படிச் சிவக்க வைக்கும். பெயர் டைசல்ஃபிரம். ரப்பர் தொழிலில் புழங்கும் ரசாயனம் அது. 1937இல் அமெரிக்காவில் ஒரு மருத்துவர், இந்த வகை ரசாயனத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் குடி ஒத்துக்கொள்வதில்லை என்று கவனித்து எழுதினார். பின்னர் கோபன்ஹேகனில் ஹால்ட், யாகோப்சன் என்ற இருவர் அதைக் குடற்புழு மருந்தாகச் சோதிக்கத் தாங்களே விழுங்கிவிட்டு, கொஞ்சம் குடித்ததும் முகம் சிவந்து வாடிப்போனார்கள். 1948இல் அது குடிநோய்க்கு மருந்தானது. மாத்திரை அந்த இரண்டாவது நொதியை முடக்கிவிடும். அதற்கு மேல் குடித்தால், ஐஸால் பையனுக்கு வந்தது பல மடங்காக வரும். நம் ஊர் நிமான்ஸ் ஆஸ்பத்திரியிலும், சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய அறக்கட்டளையின் டி.டி.கே. ஆஸ்பத்திரியிலும் குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை தருகிறார்கள். இப்படிப்பட்ட இடங்களில் இந்த மாத்திரையைக் கொடுப்பதென்றால், நோயாளிக்குச் சொல்லி, அவன் சம்மதம் வாங்கி, இதயத்தையும் கல்லீரலையும் சோதித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

ஆனால் சுவரிலும் பஸ்ஸிலும் பார்த்திருப்பாயே, “குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்” என்று போஸ்டர். அந்தப் பொடியில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிரம் இருந்தால், தெரியாமல் சாப்பிட்டவன் வழக்கம்போல் ஒரு குவார்ட்டர் அடிப்பான். ரத்த அழுத்தம் சரிந்து விழுவான். இதயம் பலவீனமானவன் என்றால் உயிரே போகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த மருந்து உடம்பில் வேலை செய்யும். பாவம், குடிகாரப் புருஷனோடு போராடிக் களைத்த பெண்கள்தான் இதை வாங்குகிறார்கள்.

உன் ஹாஸ்டல் நண்பர்களில் யார் வீட்டிலாவது இப்படிக் கலந்து கொடுப்பதாகக் காதில் விழுந்தால், அன்றைக்கே நிறுத்தச் சொல். அவர்கள் கேட்காவிட்டால் எனக்குப் போன் பண்ணு. நேரம் பார்க்காதே, நானே பேசுகிறேன்.

அன்புடன்,
மாமா