ஒரு பட்டமா, இரட்டைப் பட்டமா?



ஒவ்வோர் ஆண்டும் 'ஏ' நிலைத் தேர்வு முடிவு வந்ததும் நம் வகுப்பில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அண்ணே, டபுள் டிகிரிக்குப் போடலாமா, ஒண்ணு போதுமா?" இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான். நான் பட்ட குழப்பத்திலிருந்தே தொடங்குகிறேன்.

2016ஆம் ஆண்டுத் தொடக்கம். தேசிய சேவை முடியும் நேரம். பிடோக் நார்த் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு உட்கார்ந்திருந்தேன். கணக்கியல் மட்டும் படித்தால் 3 ஆண்டு. கணக்கியலும் வணிகமும் சேர்ந்த இரட்டைப் பட்டம் 4 ஆண்டு. எதை முதல் தேர்வாகப் போடுவது?

டாக்சி ஓட்டிவிட்டு வந்த அப்பா, "ஒரு வருஷம் கூடப் படிச்சா ரெண்டு பட்டம். இதுல யோசிக்க என்னடா இருக்கு?" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. உண்மையைச் சொன்னால், கோயிலில் பார்க்கிற மாமா, அத்தைமாரிடம் "டபுள் டிகிரி" என்று சொல்லிக்கொள்ளும் ஆசைதான் பெரிசா இருந்தது. அதனால் மூன்று கேள்விகளைத் தாளில் எழுதினேன்.

முதல் கேள்வி: இரண்டாவது பட்டம் எனக்கு எதற்கு? நான் ஆக விரும்பியது பட்டயக் கணக்காளர். சிங்கப்பூரில் அங்கீகாரம் பெற்ற கணக்கியல் பட்டம் இருந்தால் அந்தத் தகுதிக்கான தொழில்முறைப் பாடத்தில் நேரே சேரலாம். வேறு துறைப் பட்டதாரிகள் முதலில் அடித்தளப் பாடங்களை முடிக்க வேண்டும். ஆக, வணிகம் படிக்கிற ஒருவருக்குக் கணக்கியல் பட்டமும் சேர்ந்தால் ஒரு தொழில் தகுதிக்கு வழி கிடைக்கிறது. கணக்கியலை ஏற்கெனவே எடுத்தவனுக்கு வணிகப் பட்டம் அப்படி எதையும் கூட்டவில்லை. கணக்கியல் படிப்பிலேயே சந்தைப்படுத்துதல், நிதி போன்ற அடிப்படை வணிகப் பாடங்களும் இருந்தன. ஒரு துறையில் ஆர்வம் மட்டும் என்றால் இரண்டாம் முதன்மைப் பாடம், துணைப்பாடம் என்ற வழிகளும் உண்டு.

இரண்டாம் கேள்வி: அந்த ஓர் ஆண்டின் விலை என்ன? அரசாங்க மானியம் போக ஆண்டுக் கட்டணம் 9,000 வெள்ளிக்கு மேல். அது மட்டுமா? அந்த ஆண்டில் வேலைக்குப் போயிருந்தால் வரக்கூடிய சம்பளத்தையும் சேர்க்க வேண்டும். மாதம் 3,000 என்று வைத்தால் 36,000. இரண்டையும் கூட்டினால் 45,000 வெள்ளி. அப்பா தாளைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

மூன்றாம் கேள்வி: அது யாருடைய பணம்? அப்பாவின் மத்திய சேம நிதியிலிருந்து கட்டணம் கட்டுவதாகத் திட்டம். அது இலவசம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லை. படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகு, மாணவர்தான் அதை மாதாமாதம் ரொக்கமாக, வட்டியோடு பெற்றோர் கணக்கில் திருப்பிப் போட வேண்டும். அவர்கள் ஓய்வுக்காலத்துக்கு வைத்திருக்கிற பணம் அது. பெருமைக்காக அதில் கை வைக்கலாமா? அந்தக் கேள்விதான் என்னை நிறுத்தியது. கணக்கியலை மட்டும் முதல் தேர்வாகப் போட்டேன்.

"ரெண்டு கிடைக்கிற இடத்துல ஒண்ணு எடுத்துட்டியே," என்று அப்பா பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். பூன் லே வரை ரயில், பிறகு 179 பேருந்து என்று போகும்போது, இரட்டைப் பட்டம் எடுத்த நண்பர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்ட நாளும் உண்டு.

2019இல் வேலைக்குச் சேர்ந்தேன். 2020 ஏப்ரலில் கொவிட் கட்டுப்பாடுகள் வந்தன. அப்பாவின் டாக்சிக்குப் பயணிகளே இல்லை. வீட்டை ஓட்டியது என் சம்பளம். இதை என் புத்திசாலித்தனம் என்று சொல்ல மாட்டேன். காலம் அப்படி அமைந்தது, அவ்வளவுதான். ஆனால் ஓர் ஆண்டின் விலை என்னவென்று அப்போது நன்றாகப் புரிந்தது.

இரட்டைப் பட்டம் தவறா? இல்லவே இல்லை. முகாமில் என் பக்கத்துக் கட்டில் நண்பன் அதைத்தான் எடுத்தான். கணக்கா, முதலீடா என்று அவனால் முடிவு செய்ய முடியவில்லை. இரண்டையும் படித்துப் பார்க்க அவனுக்கு அந்த 4 ஆண்டு தேவைப்பட்டது. 2020இல் படிப்பை முடித்து, முதலில் பயிற்சி வேலையில்தான் சேர்ந்தான். இன்று நிறுவனங்களின் மதிப்பைக் கணக்கிடும் வேலை பார்க்கிறான். இரண்டு பட்டமும் அவனுக்குத் தினமும் உதவுகின்றன.

ஓர் எச்சரிக்கை. பட்டதாரி வேலைவாய்ப்புக் கருத்தாய்வில் இரட்டைப் பட்டதாரிகளின் தொடக்கச் சம்பளம் கூடுதலாக இருந்தால், முழுக்கப் பட்டத்தால்தான் என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே சேர்கிறவர்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்.

இந்த வாரப் பயிற்சி: மேலே உள்ள மூன்று கேள்விகளுக்கும் உங்கள் பதிலை எழுதுங்கள். கட்டணத்தைப் பல்கலைக்கழக இணையத்தளத்தில் பார்த்துப் போடுங்கள். பிறகு அப்பா அம்மாவோடு உட்கார்ந்து படியுங்கள். அடுத்த வகுப்புக்கு அந்தத் தாளையும் கொண்டு வாங்க, சேர்ந்து பேசுவோம்.