மாதவிலக்கு நிற்கும் பருவமும் துணைச் சிகிச்சைகளும்

கேள்வி: எனக்கு வயது 48. மாதவிலக்கு நின்று ஒன்றரை வருஷமாகிறது. இரவில் முகமும் மார்பும் காந்தி, குப்பென்று வேர்த்து, தூக்கம் கலைந்துவிடுகிறது. இரத்த அழுத்தத்துக்கும் தைராய்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். பக்கத்து வீட்டு அம்மாள் தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் சாப்பிடச் சொல்கிறார். மகள் சோயா மாத்திரை வாங்கி அனுப்பியிருக்கிறாள். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாவிடம் இதையெல்லாம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, சிதம்பரம் வட்டம்

பதில்: அம்மையீர், தங்கள் கடிதத்தில் என் மனத்தை மிகவும் உறுத்தியது அந்தக் கூச்சமே. நம் மாநிலத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் ஆங்கில மருத்துவரும் சித்த மருத்துவரும் ஒரே வளாகத்தில் நோயாளிகளைப் பார்க்கிறார்கள். ஆகையால் லேகியத்தைப் பற்றிக் கேட்பது அங்கே அபசாரம் ஆகாது. ஒருவர் தரும் மருந்தை மற்றவர் அறியாதிருப்பதில்தான் அபாயம் இருக்கிறது.

தைராய்டு மாத்திரையின் அளவு சற்றே கூடிப்போனாலும் படபடப்பும், இதே வியர்வையும் நித்திரைபங்கமும் உண்டாகுமாதலால், எல்லாம் இந்தப் பருவத்தின் விளைவே என்று தீர்மானிக்குமுன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சோயாவில் ஈஸ்ட்ரோஜனை ஒத்த தாவரச் சத்து உண்டு. சிலருக்கு உஷ்ணம் ஓரளவு தணிகிறது எனினும் ஆராய்ச்சிகள் ஒரே முடிவைக் கூறவில்லை. தைராய்டு குறைவுக்குத் தரப்படும் தைராக்ஸினை உடல் ஏற்பதைச் சோயாவும், கால்சியம் மாத்திரையும் தடுக்கக்கூடும் என்பது மட்டும் நிச்சயம். ஆதலால் விடியற்காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸினைச் சாப்பிட்டு, நான்கு மணி நேரம் சென்ற பின்பே சோயாவையும் கால்சியத்தையும் தொடவேண்டும்.

தண்ணீர்விட்டான் கிழங்கு நம் முன்னோர் போற்றிய மூலிகை. அதன்மீது எனக்கு அவமதிப்பு சிறிதும் இல்லை. ஆயினும் இந்தப் பருவத்து உபாதைகளுக்கு அதன் பயனைச் சோதித்தவை சிறிய ஆராய்ச்சிகளே. தங்கள் விஷயத்தில் அதைவிட முக்கியமான கேள்வி, அந்த லேகியத்தில் வேறு என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்பது. உதாரணமாக, தொண்டைக் கமறலுக்கு நாம் சர்வசாதாரணமாக வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரம், தினந்தோறும் உள்ளே சென்றால் இரத்த அழுத்தத்தை உயர்த்தி, பொட்டாசியத்தைக் குறைத்துவிடும். பெயரும் சேர்மானமும் அச்சிடாத பொட்டலத்தை, யார் அன்போடு கொடுத்தாலும், ஏற்காதீர்கள். லேகியத்தைச் சித்த மருத்துவரின் கையிலிருந்தே பெறுங்கள்.

யோகாப்பியாசத்தைத் தாராளமாக மேற்கொள்ளலாம். பெங்களூரில் 120 பெண்களைக் கொண்டு நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், எட்டு வாரம் சூரிய நமஸ்காரமும் பிராணாயாமமும் தியானமும் பழகியவர்களுக்குச் சாதாரண தேகப்பயிற்சி செய்தவர்களைவிட அதிக நிவாரணம் கிடைத்தது. எனினும் உஷ்ணத்துக்கென்று மட்டும் யோகத்தைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று, மாதவிலக்கு நிற்கும் பருவத்தை ஆராயும் வட அமெரிக்க வல்லுநர் சங்கம் 2023-இல் கூறியது. மனத்தின் எண்ணப் போக்கைத் திருத்தும் உளவியல் பயிற்சியை அதே சங்கம் ஏற்றுக்கொண்டது. நித்திரைக்கும் மன அமைதிக்கும் யோகம் துணை செய்யும் என்பது என் அபிப்பிராயம்.

எலும்பு தேயும் காலம் இது; கேழ்வரகுக் கூழையும் எள்ளையும், புலால் உண்பவராயின் கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் இறங்கும் நெத்திலியை முள்ளோடும், விடாமல் உண்ணுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இரவுகள் வேதனையாகவே கழியுமானால், ஹார்மோன் சிகிச்சையைக் கேட்கத் தயங்கவேண்டாம். உஷ்ணத்தைத் தணிப்பதில் அதற்கு இணையானது இல்லை. 2002-இல் அமெரிக்காவில் இச்சிகிச்சை பற்றிய ஒரு பெரிய ஆராய்ச்சி அபாயம் கருதி இடையில் நிறுத்தப்பட்டதிலிருந்து உலகெங்கும் பெண்கள் அதற்கு அஞ்சினார்கள். ஆனால் 60 வயதுக்குட்பட்ட, மார்பகப் புற்றுநோயோ இரத்தம் உறையும் நோயோ இருதய நோயோ இல்லாத பெரும்பாலோருக்குத் தீமையைவிட நன்மையே மிகுதி என்பது இன்றைய முடிவு. தங்களுக்கு இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா என்பதை டாக்டரம்மா முதலில் பார்ப்பார்.

இனி ஒரு துளி உதிரம் பட்டாலும், லேகியத்தையும் யோகத்தையும் ஒருபுறம் வைத்துவிட்டு, அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ தாமதமின்றிச் செல்லுங்கள். கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக அது இருக்கக்கூடும்.