எருமையை விசாரித்த சிப்பாய்

அன்புள்ள தம்பிக்கு,

முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்களின் கடிதங்கள் உனக்கு ஏமாற்றம் தந்ததாக எழுதியிருந்தாய். மனைவி மக்களைப் பிரிந்து கடல் கடந்தவன் உருகி உருகி எழுதியிருப்பான் என்று எதிர்பார்த்திருக்கிறாய். அவனோ எருமை ஈன்றதா, வட்டிக் கடனில் எவ்வளவு அடைந்தது, பங்காளி வரப்பை நகர்த்தினானா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான். இவனுக்கு வீட்டு ஏக்கமே இல்லையா என்பது உன் கேள்வி. ஏக்கம் முழுவதும் அந்த விசாரிப்புக்குள்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அவன் நிலைமையைப் பார். 1914 செப்டம்பர் கடைசியில் இந்தியப் படை மார்செய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கியது. அக்டோபர் முடிவதற்குள் அவர்களில் பலர் பெல்ஜியத்து ஈப்பர் நகரத்துப் பக்கம் சேறு நிறைந்த பதுங்குகுழிகளில் இருந்தார்கள். பெரும்பாலோர் பஞ்சாப், கடுவால், நேபாளம், வடமேற்கு எல்லைப்புறம் ஆகிய இடங்களின் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். (நம் சென்னை மாகாணத்தில் காலாட்படைக்கு ஆள் எடுப்பதை ஆங்கிலேயர் அதற்கு முன்பே வெகுவாகக் குறைத்துவிட்டார்கள்.) மாதச் சம்பளம் 11 ரூபாய். ஆங்கிலேயச் சிப்பாய்க்கு எப்போதாவது சில நாள் விடுப்பு கிடைத்தால் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வீட்டுக்குப் போய் வரலாம். இவனுக்கு வீடு வாரக்கணக்கான கப்பல் பயணத்துக்கு அப்பால். காயம் பட்டால் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்து அரண்மனையையே ஆஸ்பத்திரியாக்கி அங்கே கிடத்தினார்கள், நன்றாகவும் கவனித்தார்கள். ஆனால் புண் ஆறியதும் பலரை மறுபடி போர்முனைக்கே அனுப்பினார்கள். ஒருமுறை ரத்தம் சிந்தினால் ஊர் திரும்பலாம் என்று நம்பியிருந்தவர்களை இது உடைத்துப் போட்டது. அந்தக் காலத்துக் கடிதங்களில் வரும் மிகக் கசப்பான குறைகளில் இது ஒன்று. 1915 கடைசியில் காலாட்படையை மறுபடி கப்பலேற்றியபோதும் அது ஊருக்கு அல்ல, மெசபடோமியப் போர்முனைக்கு. எப்போது முடியும் என்று தெரியாத பிரிவு அது.

இப்படிப்பட்டவன் வீட்டுக்கு எழுத உட்காருகிறான் என்று சொல்வதே சரியில்லை. பலருக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த சகா ஒருவரிடம் சொல்லச் சொல்ல அவர் உருதுவிலோ குர்முகியிலோ எழுதுவார். அது பிறகு தணிக்கை அதிகாரியின் மேசைக்குப் போகும். ஹவல் என்ற அதிகாரியின் தலைமையில் இதற்கென்றே ஒரு சிறு அலுவலகம் பிரான்சில் இயங்கியது. ஊர் சேர்ந்த பிறகு, படிக்கத் தெரிந்த யாரோ ஒருவர் குடும்பத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் கேட்க உரக்க வாசிப்பார். மனைவி அந்தக் கூட்டத்தில் எங்கோ கதவுப்பக்கம் நின்று கேட்டிருப்பாள். கடிதத்தை அவள் பேருக்கு எழுதுவதே அரிது. தகப்பனாருக்கோ அண்ணனுக்கோதான் எழுதுவார்கள். இத்தனை பேர் காதைத் தாண்டி அவளிடம் போய்ச் சேர வேண்டிய சொல் எப்படி இருக்க முடியும்? உன்னை நினைத்துத் தூங்கவில்லை என்று ஊரார் நடுவில் சொல்லுகிற வழக்கம் நம் வீடுகளில்கூட இல்லையே. ஆனால் அவள் தினமும் கையால் தொடும் மாட்டைப் பற்றிக் கேட்கலாம். அவள் இடுப்பில் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்கலாம். கதவுப்பக்கம் நிற்பவளுக்கு அது யாரைப் பற்றிய கேள்வி என்று தெரியும்.

அவர்கள் நடைமுறை மனிதர்கள், கூலிக்குப் போனவர்கள், பணத்தையும் நிலத்தையும் பற்றி எழுதியதில் என்ன உள்ளர்த்தம் இருக்கிறது என்று நீ கேட்கலாம். கூலிக்குப் போனது உண்மை. அந்த 11 ரூபாயை நம்பித்தான் கடனும் நிலமும் இருந்தன. ஆனால் கணக்கு மட்டும்தான் வேண்டுமென்றால் கடிதம் நாலு வரியில் முடிந்திருக்கும். அவன் கேட்பவற்றில் பல, கேட்டுப் பயனில்லாதவை. கடிதம் ஊருக்குப் போக வாரக்கணக்கில் ஆகும், பதில் வர அதே அளவு ஆகும். கன்று அதற்குள் பிறந்திருக்கும், கோதுமை அறுத்திருப்பார்கள், காய்ச்சல் ஒன்று விட்டிருக்கும் அல்லது முற்றியிருக்கும். தன்னால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்று தெரிந்தும் ஒருவன் வாரம் தவறாமல் விசாரிக்கிறான், பதில் வராவிட்டால் கோபித்துக்கொள்கிறான், பதில் வராததைப் பற்றியே இன்னொரு கடிதம் போடுகிறான் என்றால், தகவல் மட்டும் அவனுக்குப் போதவில்லை. அந்த முற்றத்தில் தன் இடம் இன்னும் காலியாகத் தனக்காக இருக்கிறதா என்று அவன் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. நமக்குக் கிடைத்திருப்பவை மூலக் கடிதங்கள் அல்ல. மூலங்கள் பெரும்பாலும் உரியவர்களுக்கே போய்ச் சேர்ந்துவிட்டன. தணிக்கை அலுவலகம் தன் அறிக்கைகளுக்காக ஆங்கிலத்தில் பெயர்த்து எடுத்துக்கொண்ட பகுதிகளே மிஞ்சின. அதிகாரி பொறுக்கியதை வைத்துச் சிப்பாயின் மனத்தைப் படிக்கலாமா? எச்சரிக்கையோடு படிக்கலாம். அந்த அதிகாரி எதைத் தேடினார் என்று நமக்குத் தெரியும்: ராஜதுரோகம், மனத்தளர்ச்சி, ரகசியக் குறிகள். இந்தியச் சிப்பாய்களைக் கருமிளகு என்றும் வெள்ளையரைச் செம்மிளகாய் என்றும் மறைத்து எழுதியதைத் தணிக்கையாளர்கள் கண்டுபிடித்தார்கள். சிப்பாய்கள் கவிதை எழுதத் தொடங்கியதைக்கூட மனக்கலக்கத்தின் அறிகுறி என்று ஹவல் 1915 ஜனவரியில் குறித்திருக்கிறார். கவிதையில் கண்டுகொண்ட கலக்கத்தை மாட்டு விசாரிப்பில் தேட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்ற ஏது இல்லை. அப்படித் தேடாதவர்கள் பொறுக்கிய தொகுப்பிலேயே வீட்டுச் செய்தி இவ்வளவு இருக்கிறது. 1915 மார்ச்சில் வாரத்துக்கு 10,000 முதல் 20,000 கடிதங்கள் வரை பிரான்சிலிருந்து போயின. அவற்றில் பெயர்க்கப்படாமல் விடப்பட்ட கடிதங்களில் வீட்டுச் செய்தி இன்னும் மிகுதியாகவே இருந்திருக்கும்.

வீட்டு நினைவு சிப்பாயைக் கோழையாக்கும் என்ற பேச்சு அன்று அதிகாரிகளிடமும் இருந்தது. ஊர் திரும்புவதற்காகச் சிலர் தங்கள் கையைத் தாங்களே சுட்டுக்கொண்டார்கள். நம் வண்ணார் துணிக்குக் குறி போடப் பயன்படுத்திய சேங்கொட்டையை ஊரிலிருந்து தருவித்து, உடம்பில் புண் உண்டாக்கிக்கொள்ளப் பார்த்தவர்களும் உண்டு. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சந்தேகம் அளவு மீறி வளர்ந்தபோது, பிரைட்டனில் இருந்த மருத்துவ அதிகாரி சீட்டன் 1,000 காயங்களை ஆராய்ந்தார். பரவலாகத் தாமே சுட்டுக்கொண்டதற்கு ஆதாரம் இல்லை என்று கண்டார். 1915 மார்ச் 10-ஆம் தேதி நவ் ஷப்பெல் கிராமத்தில் ஜெர்மானிய வரிசையை உடைத்து உள்ளே போனவர்களில் இந்த ஏக்கக்காரர்களும் இருந்தார்கள். மூன்று நாள் சண்டையில் இந்தியப் படைப்பிரிவில் மட்டும் 4,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் அல்லது காயப்பட்டார்கள்.

கடைசியாக ஒன்று, இதை நீயே கேட்பாய். அதை விற்காதே, இதைச் செய், அங்கே போகாதே என்று தூரத்திலிருந்து ஆணையிடுவது அன்பா, அதிகாரமா? இரண்டும்தான். மனைவி மேல் சந்தேகப்பட்டு எழுதிய கடிதங்களும் இருக்கின்றன, அவற்றைப் படிக்க எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஆனால் பிரான்சில் வேறொன்றையும் அவர்கள் பார்த்தார்கள். ஆண்கள் போருக்குப் போன ஊர்களில் பெண்களே உழுதார்கள், பண்ணையை நடத்தினார்கள், கணவருக்குத் தங்கள் கையாலேயே எழுதினார்கள். அதன் பிறகு பெண்பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று ஊருக்கு எழுதிய சிப்பாய்கள் பலர். சீர்திருத்தம் பேசி அவர்கள் அந்த எண்ணத்துக்கு வந்து சேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தன் மனைவிக்குச் சொல்ல வேண்டியதை இன்னொருவன் எழுதி, வேறொருவன் தணிக்கை செய்து, மூன்றாமவன் வாசித்துக் காட்டுகிற நிலையில் வருடக்கணக்காக இருந்தவனுக்கு, அவளே பிரித்துப் படிக்கும் ஒரு கடிதத்தின் அருமை யாரும் சொல்லித் தராமலே விளங்கியிருக்கும்.

அன்புடன்,
உன் அண்ணன்