பலகையில் என்ன எழுதலாம்?

கேள்வி:

எனக்கு வயது 25. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பம். அப்பா நாற்பது வருடமாகத் தறியில் உட்கார்ந்திருப்பவர். நான் சென்னையில் கல்லூரிக்குப் போய் எம்.எஸ்சி. உளவியல் படித்து முடித்து ஒரு வருடம் ஆகிறது. எங்கள் தெருவிலேயே கடன் தொல்லை, குடி, பரீட்சை பயம் என்று எத்தனையோ பேர் உள்ளுக்குள் புழுங்குகிறார்கள். வீட்டு முன் அறையில் உட்கார்ந்து ஆலோசனை சொல்லலாம் என்று ஆசை.

பலகை எழுதுகிறவர், "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போட்டாத்தாம்மா நாலு பேர் வருவாங்க" என்கிறார். கூடப் படித்தவளோ, லைசென்ஸ் இல்லாமல் உட்கார்ந்தால் ஜெயில் என்று பயமுறுத்துகிறாள். ஒரு பள்ளியில் கவுன்சலர் வேலைக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் என்ன செய்யலாம், எதைத் தொடக்கூடாது? மேற்பார்வை வேண்டும் என்கிறார்களே, அது சட்டமா, சம்பிரதாயமா? என் சித்தி மகள் அஞ்சல் வழியில் உளவியல் சேர நினைக்கிறாள். அவளுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காஞ்சிபுரம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

"கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" என்று பலகை எழுதாதீர்கள். அந்தப் பெயர் உங்களுக்கு இன்னும் உரியதாகவில்லை. ஆனால் உங்கள் படிப்புக்குச் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது, அதைச் செய்யச் சட்டமும் தடையாக இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம்தான் உங்கள் தோழி சொன்ன "ஜெயிலுக்கு" ஆதாரம். மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், இந்த மன்றத்தின் கீழ் வருபவர். ஆர்.சி.ஐ. என்று நாம் சொல்லும் இந்த மன்றம் அங்கீகரித்த படிப்பை முடித்து, மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் ஏறியவர்தான் அந்தத் தொழிலைச் செய்யலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அடுத்தது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. மருத்துவ உளவியலாளர் யார் என்று இது வரையறுத்தே சொல்கிறது. ஆர்.சி.ஐ. அங்கீகரித்த நிறுவனத்தில் மருத்துவ உளவியல் தகுதி பெற்றிருக்க வேண்டும். அல்லது உளவியல் முதுகலைக்குப் பிறகு மருத்துவ உளவியலிலோ, மருத்துவ-சமூக உளவியலிலோ எம்.பில். முடித்திருக்க வேண்டும். அந்த எம்.பில். இரண்டாண்டு முழுநேரப் படிப்பாகவும், மேற்பார்வையில் நடந்த மருத்துவமனைப் பயிற்சியோடும் இருக்க வேண்டும். மேற்பார்வை சட்டமா, சம்பிரதாயமா என்று கேட்டீர்கள். மருத்துவ உளவியலாளர் என்ற சொல்லின் சட்ட வரையறைக்குள்ளேயே மேற்பார்வை உட்கார்ந்திருக்கிறது. அப்படித் தகுதி பெற்றவர்களை மனநல வல்லுநர்களாகப் பதிவுசெய்வது மாநில மனநல ஆணையத்தின் பொறுப்பு.

மூன்றாவது சட்டம்தான் உங்களைப் போன்றவர்களுக்கானது. 2021-இல் வந்த தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் பட்டியலில், ஆர்.சி.ஐ.யின் கீழ் வரும் மருத்துவ உளவியலாளர் நீங்கலான உளவியலாளர்கள் நடத்தைநல அறிவியல் பிரிவில் இடம்பெறுகிறார்கள். மாநில மன்றங்கள் வழியாகப் பதிவு செய்வதே அந்தச் சட்டத்தின் ஏற்பாடு. ஆகவே மதிப்பெண் பட்டியல்கள், பாடத்திட்டம், எந்த மருத்துவமனையில் எத்தனை மணி நேரம் களப்பயிற்சி என்ற சான்று, கையொப்பமிட்டவரின் பதவி எல்லாவற்றையும் இப்போதே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். பதிவுக்கு விண்ணப்பிக்கும் நாளில் கல்லூரிக்கு அலைய வேண்டியிருக்காது.

"ஆலோசகர்", "கவுன்சலர்" என்ற சொற்களுக்கு மருத்துவ உளவியலாளர் என்ற பெயருக்கு உள்ள அளவு காவல் இல்லை. மூன்று நாள் பயிற்சிச் சான்றிதழோடு அந்தப் பலகையை மாட்டுகிறவர்களும் உண்டு. நம் ஊரில் மட்டும் இப்படி இல்லை. இங்கிலாந்தில் "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" என்ற பெயர் 2009 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. வெறும் "சைக்காலஜிஸ்ட்" என்பதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலம் முதுகலை முடித்தவருக்கும் உரிமம் தருகிறது. ஆனால் தொடக்க ஆண்டுகளில் உரிமம் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில்தான் அவர் வேலை செய்ய வேண்டும். சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறினாலும், முதுகலை முடித்த கையோடு ஒருவரைத் தனியாக விட எல்லோரும் தயங்குகிறார்கள்.

எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

காது கொடுத்துக் கேட்கலாம். பரீட்சை பயம், தம்பதியர் சண்டை, துக்கம், வேலை குழப்பம் இவற்றுக்கு ஆலோசனை தரலாம். மனநோய் பற்றி விளக்கலாம். மருந்தைப் பாதியில் நிறுத்தியவரை மறுபடி மருத்துவரிடம் அனுப்பலாம். யாரை எங்கே அனுப்புவது என்று தெரிந்த ஒருவர் தெருவில் இருப்பதே பெரிய உதவி. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, சிகிச்சை தேவைப்பட்டவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர், நோயைப் பொறுத்து, அது கிடைக்காமல் இருந்தார்கள்.

நோயின் பெயரைச் சொல்லித் தீர்ப்பு எழுதாதீர்கள். ஊனமுற்றோர் சான்றுக்கான ஐ.க்யூ. அறிக்கை, நீதிமன்றத்துக்கான மனநல அறிக்கை இவற்றில் கையெழுத்துப் போடாதீர்கள். மருந்துச் சீட்டைக் கையால் தொடாதீர்கள். மாத்திரையைக் கூட்டு, குறை என்று வாய்வார்த்தையாகவும் சொல்லாதீர்கள். தன் தொழிலுக்கு உட்படாத மருந்தையோ சிகிச்சையையோ பரிந்துரைக்கக் கூடாது என்று 2017 சட்டம் பதிவுபெற்ற வல்லுநர்களையே கட்டுப்படுத்துகிறது. "ரெண்டு நாள் உங்க வீட்லயே இருக்கட்டும்மா" என்று யாரையாவது விட்டுப்போகப் பார்த்தால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். மனநோயாளரைத் தங்கவைக்கும் இடத்துக்குத் தனிப் பதிவு வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநோயாளர் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதை மறந்துவிட்டு இந்தத் துறையில் யாரும் வேலை செய்ய முடியாது.

மேற்பார்வை எதற்கு?

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பயிற்சிக் காலத்தில் பத்து வயதுப் பையன் ஒருவனை என்னிடம் அழைத்து வந்தார்கள். பாடத்தில் கவனமில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்பது புகார். வேண்டுதலெல்லாம் முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். நான் ஆறு வாரம் கவனப் பயிற்சி கொடுத்தேன், அட்டவணை போட்டேன், பெற்றோரைத் திருத்தினேன். ஏழாவது வாரம் என் மேற்பார்வையாளர் அறையின் மூலையில் கால்மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும், "பேசிட்டிருக்கும்போதே நடுவுல சில நொடி அவன் கண்ணு நிலைகுத்துதே, பாத்தியா?" என்று கேட்டார். நான் பார்த்திருக்கிறேன், அதை அடம் என்று எழுதி வைத்திருந்தேன். நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினோம். வலிப்பு நோயின் ஒரு வகை அது. மருந்தில் சரியானது. அந்த ஆறு வாரத்தில் நான் படித்ததில் குறை ஒன்றும் இல்லை. நான் பார்த்ததைச் சரிபார்க்க இன்னொரு கண் இல்லை.

இதை உங்கள் அப்பாவிடம் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார். கோர்வைச் சேலையில் கரைக்கு நாடா தள்ளும் துணை ஆளாகப் பக்கத்தில் உட்கார்ந்தவர்தான் பின்னால் தனித்தறிக்குப் போவார். உடலும் கரையும் சேரும் இடத்தில் இழை விட்டிருந்தால், நெய்பவன் கண்ணுக்குப் படாதது பெரியவர் விரலுக்குத் தட்டுப்படும். பிரித்து மறுபடி நெய்யலாம். மனிதரிடம் விட்ட இழையை அப்படிப் பிரிக்க முடிவதில்லை.

ஆகவே, ஆலோசகராக உட்காரச் சட்டம் உங்களிடம் இன்று மேற்பார்வையைக் கேட்காவிட்டாலும், நீங்களே அதைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள். ஆர்.சி.ஐ. பதிவுள்ள மருத்துவ உளவியலாளர் ஒருவரிடம் வாரம் ஒரு மணி நேரம் கேளுங்கள். சென்னைக்குப் போக முடியாத வாரம் காணொளியில் பேசலாம். கட்டணம், நேரம், அவசரத்தில் யாரைக் கூப்பிடுவது ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நீங்கள் சந்தித்த ஒவ்வொருவரைப் பற்றியும் என்ன கேட்டீர்கள், என்ன தவறவிட்டீர்கள், எங்கே உங்களுக்கே கோபமோ அழுகையோ வந்தது என்று குறிப்பெடுத்துக் கொண்டுபோங்கள். பெயர், தெரு, வீட்டு அடையாளம் அதில் வேண்டாம். "உங்க விஷயத்தை, பெயர் சொல்லாம, என் மூத்தவர்கிட்ட கலந்துபேசுவேன்" என்று வருகிறவரிடம் முதல் நாளே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள்.

உங்கள் தெருவில் இன்னும் கவனம்

சட்டப் புத்தகத்தில் இல்லாத சிக்கல் உங்களுக்கு உண்டு. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். யார் எந்த வாசலில் செருப்பைக் கழற்றினார்கள் என்பது மாலைக்குள் தெருக்கோடி வரை தெரியும். அப்பாவுக்குப் பாவும் ஜரிகையும் தரும் முதலாளி வீட்டுப் பெண் ஒருநாள் உங்கள் முன் வந்து அழுவாள். அவள் சொன்னது உங்கள் வீட்டுக் கூலியைத் தொடும் விஷயமாகவும் இருக்கலாம். சொந்தக்காரர், அப்பாவுக்கு வேலை தருகிறவர், கடன் கொடுத்தவர் ஆகியோரின் குடும்பத்தை வேறொருவரிடம் அனுப்பிவிடுவதுதான் நல்லது. முன் அறையை விட, தெருவுக்கு அப்பால் வாரம் இரண்டு நாள் வாடகைக்கு ஓர் அறை பார்ப்பதும் யோசிக்க வேண்டியது. சொன்னது வெளியே போனது என்று ஒருமுறை பேச்சு எழுந்தால், அதற்குப் பிறகு எந்தப் பலகையும் உதவாது.

ரகசியத்துக்கும் எல்லை உண்டு. குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று ஒருவர் சொன்னால் தனியாக விடாதீர்கள். வீட்டாரையும் மேற்பார்வையாளரையும் உடனே அழையுங்கள். அரசுத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். டெலி மானஸ் உதவி எண் 14416 உங்கள் மேசையில் எழுதி ஒட்டியிருக்கட்டும்.

பள்ளி வேலை, மேற்படிப்பு, சித்தி மகள்

பள்ளி வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதல்படி, 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் படிக்கும் கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும். உங்களைப் போன்றவர்களின் தேவை கூடத்தான் செய்யும். சேரும்போதே இரண்டு நிபந்தனை வையுங்கள்: தனியாகப் பேச ஓர் அறை, மேற்பார்வைக்கு வாரம் ஒரு மணி நேரம்.

மருத்துவ உளவியலாளர் ஆக வேண்டுமென்றால் இன்னும் படிக்க வேண்டும். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். போன்ற இடங்களில் எம்.பில். நடந்து வந்திருக்கிறது. நாட்டில் எம்.பில். பட்டமே நிறுத்தப்பட்ட நிலையில், இந்தப் படிப்புக்கு 2025–26 கல்வியாண்டு வரை பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. விலக்கு நீட்டித்தது. இனி சை.டி. என்னும் உளவியல் முனைவர் படிப்பு போன்றவையே வழி. பணம் கட்டும் முன் ஆர்.சி.ஐ. தளத்தில் நிறுவனத்தின் பெயர், படிப்பின் பெயர், அங்கீகாரம் உள்ள ஆண்டு மூன்றையும் சரிபாருங்கள். கல்லூரி விளம்பரத்தை நம்பி இரண்டு வருடத்தை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

உங்கள் சித்தி மகள் அஞ்சல் வழியில் சேர வேண்டாம். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் உளவியலை அஞ்சல் வழியிலும் இணைய வழியிலும் நடத்த யு.ஜி.சி. தடை விதித்திருக்கிறது. நேரடி வகுப்புள்ள கல்லூரியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, பலகை. உங்கள் பெயர், எம்.எஸ்சி. (உளவியல்), அதன் கீழ் "உளவியல் ஆலோசகர்", சந்திக்கும் நேரம். இவ்வளவு போதும். மேற்பார்வையாளர் ஒருவர் சம்மதித்து முதல் சந்திப்பு முடிந்த பிறகு அதை மாட்டுங்கள். அதுவரை பலகை எழுதுகிறவர் காத்திருக்கட்டும்.